பதினெட்டுத் தலைக் கணக்கு

வாடா பேராண்டி. செருப்பை வெயில்ல வுடாத, நெழல்ல தள்ளி வுடு. திரும்பிப் போறப்ப உள்ளங்கால் வெந்துடும். திண்ணையில என் பக்கமா குந்து. அந்தப் பக்கம் உங்க ஆயா வடாம் காயவெச்சிருக்கா. மேல பட்டுச்சுன்னா இன்னைக்கு எனக்குச் சோறு கெடையாது.

இன்னா, செல்போன்ல படம் காட்டுற? ரிசார்ட்டா? ஒருத்தன் நீச்சல் குளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னுக்கினு எளநீர் குடிச்சுச் சிரிக்கிறான். நல்லாத்தான் இருக்கு. ஆனா பாரு, அவன் தனியா வந்திருக்கான். சிரிப்புக்குக் காரணம் எளநீர் இல்லடா. நம்ம பதினெட்டுப் பேரும் அதுல எறங்கினா குளத்துல தண்ணி இருக்காது, கரையிலதான் இருக்கும்.

பதினெட்டுன்னுதான சொன்ன? சரி, சரி. கணக்கை அப்புறம் பாப்போம்.

யோசனை கேக்க நீயா வந்தியா, இல்ல உன் பொஞ்சாதி அனுப்பினாளா? அவதான் அனுப்பியிருப்பா. நீ என்னைக்குப் பெரியவங்ககிட்ட யோசனை கேட்ட! சொல்றேன், கேட்டுக்கோ. கேட்டுட்டு உன் இஷ்டப்படி செய். அதான நம்ம குடும்ப வழக்கம்.

ரெண்டு பேரா போறவன் ஊரைப் பாப்பான். பதினெட்டுப் பேரா போறவன் மீதிப் பதினேழு பேரைத்தான் பாப்பான். ஒருத்திக்குச் செருப்பு அறுந்திருக்கும், ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வந்திருக்கும், ஒரு பொடிசு குச்சி ஐஸ் வேணும்னு ரோட்டுல உருளும். நடுவுல புலியே வந்து நின்னாலும் "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, கொழந்தையைக் காணோம்"னுதான் சொல்லுவோம். அதனால அழகான எடம் எதுன்னு தேடாத. நெழல் எங்க, தண்ணி எங்க, கக்கூஸ் எங்க, எவ்வளவு சீக்கிரம் வூட்டுக்கு ஓடி வரலாம், இதைப் பாரு மொதல்ல. அதுக்கு மேல அங்க சாமியோ சிங்கமோ இருந்தா அது நம்ம அதிர்ஷ்டம்.

இதையெல்லாம் பாக்காம போனவன் உன் பெரியப்பன். 2003-ஆம் வருஷம். கத்திரி முடிஞ்சுபோச்சு, இனிமே வெயில் கொறைஞ்சுடும்னு பஞ்சாங்கத்தை விரிச்சுக் காட்டினான். வேன் புடிச்சு பன்னெண்டு பேரை மகாபலிபுரத்துக்கு ஏத்தினான். தேதி மே 31. அன்னைக்குத்தான் மெட்ராஸ்ல 45 டிகிரி அடிச்சுது. சரித்திரத்துலயே இல்லாத வெயில்னு மறுநா பேப்பர்ல போட்டான். பஞ்சாங்கம் படிக்க சூரியனுக்குத் தெரியாதுன்னு உன் பெரியப்பனுக்குத் தெரியல. அங்க சரிவுப் பாறையில கிருஷ்ணனோட வெண்ணெய் உருண்டைன்னு ஒரு பெரிய கல்லு நிக்குது பாரு, அது அப்படியேதான் நின்னுது. உருகினது நாங்கதான். அந்தப் பாறையில சறுக்கு வுட்ட பசங்க ஒரு வாரம் குப்புறப் படுத்தானுங்க.

அடுத்தது வண்டலூர் சொல்லுவ. தெரியும். செம்பாக்கத்துல வூடு கட்டினவன் எல்லாம் விருந்தாளி வந்தா மொதல்ல சொல்ற வார்த்தை "பக்கத்துலதான் ஜூ இருக்கு". நல்ல எடம்தான், குத்தம் சொல்ல மாட்டேன். நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப அது சென்ட்ரல் பக்கத்துல இருந்துச்சு. அதுக்குப் பேரு உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியத்துக்குப் பேரு செத்த காலேஜ். கட்டுச்சோத்தைக் கட்டிக்கினு வர்ற நாட்டுப்புறத்தான் வெச்ச பேரு, ஒரு பேராசிரியன் வைக்க முடியுமா இதை? இதுல பாரு, ரெண்டு காலேஜும் ஒரே வூட்டுல பொறந்தது. மியூசியத்தைப் பாத்துக்கினு இருந்த பால்ஃபர்ன்ற வெள்ளைக்கார டாக்டர் உயிரோட மிருகங்களையும் சேத்து வெச்சான். செத்ததைப் பாக்க வந்த கூட்டத்தை விட உயிரைப் பாக்க வந்த கூட்டம் அதிகமாயிடுச்சு. 1855-ல அப்படி ஆரம்பிச்சது, 1861-ல பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சு, 1985-ல நம்ம வண்டலூருக்குக் குடி வந்துச்சு. தாம்பரத்துல மனை வாங்கி வந்தவன் எல்லாம் முக்கால் கிரவுண்டு, அரை கிரவுண்டுன்னு வாங்கினான். புலியும் கரடியும் சுமார் 1,500 ஏக்கர் வாங்கிச்சு. யாருக்கு வெவரம் இருக்குன்னு நீயே சொல்லு.

வெயில் காலம் வந்தா பேப்பர்ல பாக்கறியா? கரடிக்குத் தர்பூசணி, யானைக்கு ஷவர் குளியல். கம்பிக்கு அந்தப் பக்கம் அது ஜம்முனு குளிக்குது. இந்தப் பக்கம் காசு குடுத்து உள்ள வந்தவன் வேர்வையில குளிக்கிறான். அந்தக் கரடி நம்மளைப் பாக்கற பார்வையை நான் ஒரு தடவை பாத்தேன் பேராண்டி. "பாவம், எந்தக் காட்டுல புடிச்சாங்களோ"ன்ற மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. உயிர் காலேஜுக்குச் செவ்வாக்கெழமை லீவு, செத்த காலேஜுக்கு வெள்ளிக்கெழமை லீவு. செவ்வா வெள்ளி முடி வெட்டக் கூடாதுன்னு நம்ம பாட்டிங்க சொல்லிவெச்ச மாதிரி மனசுல வெச்சுக்கோ. பத்துப் பதினஞ்சு வருஷம் முன்ன ஒரு ஏப்ரல்ல, கெழமை பாக்காம பதினாலு பேரை நான் இட்டுக்கினு போனேன். வாசல்ல கேட்டு மூடியிருக்கு. எவனும் வாயைத் தொறக்கல, எல்லாரும் என் மூஞ்சையே பாக்கறாங்க. நான் அசரல. "மொதல்ல சாப்புடுவோம், அப்புறம் யோசிப்போம்"னு ரோட்டோர மரத்தடியில ஜமுக்காளத்தை விரிச்சேன். காலையில ஒம்பதரைக்கெல்லாம் புளிச்சோறு, தயிர்ச்சோறு, மாவடு எல்லாம் காலி. அங்கயே ரெண்டு ஆட்டம் ஆடு புலி, ஒரு சண்டை, ஒரு தூக்கம். பன்னெண்டு மணிக்கு வூட்டுல இருந்தோம். இன்னைக்கும் உன் அத்தை புள்ளைங்களைக் கேட்டுப் பாரு, "தாத்தா ஜூவுக்கு இட்டுக்கினு போனாரே, எவ்வளவு நல்லா இருந்துச்சு"ங்கும். ஒரு மிருகத்தையும் பாக்கலடா. ஆடு புலி ஆட்டத்துல பாத்த புலிதான்.

கிஷ்கிந்தான்னு ஒண்ணு 1990-களுல தாம்பரத்துப் பக்கம் தொறந்தாங்க. மை டியர் குட்டிச்சாத்தான் படம் எடுத்தாரே நவோதயா அப்பச்சன், அவரு கட்டினது. ராமாயணத்துல கிஷ்கிந்தா யாரோட ராஜ்யம்னு தெரியுமில்ல? நம்ம வூட்டுப் பசங்களை உள்ள அவுத்து வுட்டப்பதான் பேரோட பொருத்தம் புரிஞ்சுது.

சரி, இப்ப என் யோசனை. திருநீர்மலை.

சிரிக்காத. உடனே "கோயிலா தாத்தா?"ன்னு மூஞ்சியைச் சுளிக்கிற. கேளு மொதல்ல. காலையில அஞ்சரைக்குத் தாம்பரம் டேசன்ல இருக்கணும். ஏன் தாம்பரம்? பீச்சுக்குப் போற வண்டி கெளம்புறதே அங்கதான். அங்க ஏறுறவனுக்குத்தான் ஜன்னல். குரோம்பேட்டையில ஏறுறவனுக்குக் கதவு, கிண்டியில ஏறுறவனுக்கு அடுத்தவன் முதுகு. 1931-லேர்ந்து ஓடுற எலெக்ட்ரிக் வண்டிடா அது. 2004 வரைக்கும் மீட்டர் கேஜு, சின்னப் பொட்டி. அதுல எங்க அப்பன் ஆத்தாளோட நாங்க ஒம்பது புள்ளைங்க ஏறுவோம். மீட்டர் கேஜு போயி அகலப் பாதை வந்துச்சு, புள்ளைங்க எண்ணிக்கை மட்டும் ஒம்பதுலேர்ந்து ஒண்ணாச்சு. ரயில்வேக்காரன் இதை மொதல்லயே தெரிஞ்சுக்கினு இருந்தா காசு மிச்சம் ஆயிருக்கும்.

டிக்கெட்டு விஷயத்துல உன் தம்பி பொஞ்சாதியை கவுண்டர் பக்கம் வுடாத. அஞ்சு வயசு முடியாத புள்ளைக்கு ரயில்ல டிக்கெட் இல்ல, அதுக்கு மேல பன்னெண்டு முடியற வரைக்கும் அரை டிக்கெட். அவ புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வயசு அஞ்சரை, டேசன்ல நாலே முக்கா. பரிசோதகர் வந்தா அந்தப் புள்ளையே "எனக்கு அஞ்சு முடிஞ்சு கேக்கு வெட்டினாங்களே"ன்னு சொல்லிடும். அதை வாயை மூடவைக்க வாங்கித் தர்ற சாக்லேட்டு காசுல ரெண்டு அரை டிக்கெட் வாங்கலாம்.

வண்டி கெளம்பினதும் மொத டேசன் சானடோரியம். புள்ளைங்களை எழுப்பிக் காட்டு. 1928-ல சௌரி முத்துன்னு ஒரு டாக்டர் நெஞ்சு நோய்க்காரங்களுக்காக இங்க ஆஸ்பத்திரி வெச்சாரு. அப்புறம் 1937-ல சர்க்கார் எடுத்துக்கினு நடத்துச்சு. அப்பல்லாம் காசநோய்க்கு மருந்து கெடையாது. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, வெளிச்சம், ஓய்வு, இதான் வைத்தியம். அந்தக் காத்துக்குப் புடிச்ச எடம் எதுடான்னா நம்ம தாம்பரம். அதே 1937-லதான் கிறிஸ்தவக் கல்லூரியும் பட்டணத்து நெரிசல் தாங்காம இங்க வந்துச்சு, 365 ஏக்கர் காட்டுக்குள்ள. ஆக நெஞ்சு சரியில்லாதவனும் காத்துக்கு வந்தான், படிக்கிறவனும் காத்துக்கு வந்தான். நீயோ அந்தக் காத்து உள்ள வரக் கூடாதுன்னு ஜன்னலை அடைச்சு ஏசி மாட்டியிருக்க. அதுக்கு மாசாமாசம் தவணை வேற.

உன்னையும் குத்தம் சொல்லக் கூடாது. கடக்காத்து மத்தியானம் மெட்ராஸ்காரனுக்கு மொதல்ல வந்துடும். அது கிண்டி தாண்டி, மீனம்பாக்கம் தாண்டி, நம்ம மாடம்பாக்கம் வர்றதுக்குள்ள ஆபீஸ் வுட்டு வர்ற ஆளு மாதிரி களைச்சுப்போய்த்தான் வருது. வந்ததும் ரெண்டு நிமிசம் வேப்பமரத்தை ஆட்டிட்டுப் படுத்துக்கும்.

மூணாவது டேசன் பல்லாவரம். எறங்கு. எறங்கறதுக்கு முன்ன எண்ணு, எறங்கினப்புறம் எண்ணு. ஆத்தைக் கடந்த பரமார்த்த குருவோட சீடனுங்க மாதிரி உன்னை வுட்டுட்டு எண்ணாத. அந்த ஊர்ல வெள்ளிக்கெழமைச் சந்தை இருக்கு. பழைய பூட்டு, ஓடாத கடிகாரம், ஒத்தைச் செருப்பு, புறா, நாய்க்குட்டி எல்லாம் வரும். அதனால வெள்ளிக்கெழமை அந்தப் பக்கம் போகவே கூடாது. உன் மாமனாரு பழைய ரேடியோ ஒண்ணு வாங்கிடுவாரு, அப்புறம் மலைக்கு அதைத் தூக்கிக்கினு ஏறப்போறது நீதான்.

அந்தப் பல்லாவரத்துலதான் 1863-ஆம் வருஷம், மே 30-ஆந்தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளைக்காரன் சரளைக் குழியில குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தான். பாத்தா அது கல் இல்ல, ஆதி மனுசன் செதுக்கின கைக்கோடரி. இந்தியாவுல அப்படி ஒரு பழைய கற்கால ஆயுதத்தை அடையாளம் கண்டது அதான் மொத தடவை. மே மாசக் கடைசியில பல்லாவரத்து வெயில்ல குனிஞ்சு கல்லு பொறுக்கியிருக்கான் பாரு, அவன் வூட்டுலயும் ஆளு ஜாஸ்தியா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன். இல்லன்னா எவன் வெளிய வருவான்?

அங்கேர்ந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ. மூணு ஷேர் ஆட்டோ புடி. மாப்பிள்ளையை முன்னாடி ஒக்கார வை. உன் தங்கச்சி புருசனைச் சொல்றேன். கல்யாணம் ஆகி ஏழு வருஷம் ஆச்சு, ஆனா மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். ஜன்னல், மொத எல, மொத டம்ளர் மோர், இந்த மூணும் அவருக்குப் போச்சுன்னா மத்த பதினேழு பேருக்கும் நிம்மதி. ஒண்ணு தவறினாலும் ஆடி மாசம் வரைக்கும் பேச்சு ஓடும்.

மலை ஒண்ணும் பெருசு இல்ல. இருநூறு படி கிட்ட இருக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்ன ஏறி எறங்கிடணும், அப்புறம் கல்லு தோசைக்கல்லு ஆயிடும். மேல நின்னா மீனம்பாக்கத்துல ஏரோப்ளேன் எறங்குறது கைக்கெட்டுற தூரத்துல தெரியும். காசு குடுக்காம பசங்க அரை மணி நேரம் வாயைப் பொளந்துக்கினு நிக்கும். ஓடிப்போற சினிமா ஜோடி எல்லாம் தாலி கட்டிக்கிற மலையும் இதான். உங்க சித்தப்பன் கல்யாணப் போட்டோ ஏன் வூட்டுல மாட்டலன்னு என்னைக் கேக்காத.

நூத்தெட்டுத் திருப்பதியில ஒண்ணு அது. திருமங்கையாழ்வார் வந்தப்ப மலையைச் சுத்தித் தண்ணியாம். வடியறதுக்கு ஆறு மாசம் அங்கயே காத்திருந்து சேவிச்சாராம். உனக்குக் க்யூவுல அரை மணி ஆனா செல்போனை எடுத்து மேய ஆரம்பிச்சுடுவ. பெருமாள் அங்க நாலு விதமா இருக்காரு. கீழ நீர்வண்ணனா நிக்கறாரு, மேல நரசிம்மரா ஒக்காந்திருக்காரு, ரங்கநாதரா படுத்திருக்காரு, உலகளந்தவரா நடக்கறாரு. நம்ம குடும்பத்தை இட்டுக்கினு போனா நாலையும் ஒரே படிக்கட்டுல பாக்கலாம். உன் பெரியப்பன் பத்தாவது படியில நிப்பான், அத்தை இருபதாவது படியில ஒக்காருவா, உன் தம்பி நிழல் கண்ட எடத்துல படுப்பான். நடக்கறது உன் பொஞ்சாதி ஒருத்திதான், அதுவும் கொழந்தையையும் பையையும் தூக்கிக்கினு.

இதுல இன்னொரு சௌகரியம் இருக்கு, சும்மா காதுல போட்டுக்கோ. முட்டி வலிக்காரன் எவனாவது கூட வந்தாலும் கவலை இல்ல. படி ஏற வேண்டியதில்ல. கீழயே நீர்வண்ணனைச் சேவிச்சுட்டு, குளத்தங்கரையில ஒக்காந்து எல்லார் செருப்பையும் கட்டுச்சோத்தையும் பத்திரமாப் பாத்துக்கினு இருப்பான். பொதுவாச் சொன்னேன்.

கட்டுச்சோறு விஷயத்துல மட்டும் விளையாடாத. ஓட்டல்ல வாங்கிக்கலாம்னு உன் தம்பி சொல்லுவான், காதுல வாங்காத. புளிக்காய்ச்சலை மொத நாள் ராத்திரியே நல்லெண்ணெய் தாராளமா வுட்டுக் கிண்டி வெச்சுடணும். எண்ணெய் மேல மிதக்கணும், அப்பதான் சோறு தாங்கும். தயிர்ச்சோத்துக்குத் தயிர் ஊத்தவே கூடாது. சோத்தைக் கொழைய வடிச்சு, காய்ச்சின பாலை ஊத்திப் பெசைஞ்சு, ஒரு கரண்டி தயிரை மட்டும் காட்டு. காலையில பாலு, பத்து மணிக்குத் தயிரு. போற வழியில அதுவே வேலை பாத்துக்கும், நம்ம வூட்டுல சொல்லாம வேலை செய்யறது அது ஒண்ணுதான். மாவடு, சுட்ட வடாம், நறுக்காத வெள்ளரிப்பிஞ்சு. தண்ணி ஆளுக்கு ஒண்ணரை லிட்டர், பதினெட்டுக்கு இருபத்தேழு. ஆளாளுக்கு ஒரு பாட்டில் குடுத்துடு, ஒரே கேன்ல போட்டா அதைத் தூக்கற சண்டையில கவுந்துடும். சின்னதுங்களுக்கு எதையும் பாக்கறதுக்கு முன்னாடியே சோறு போட்டுடு. பசிச்ச புள்ளைக்குக் கோபுரமும் ஒண்ணுதான் கோழிக்கூண்டும் ஒண்ணுதான்.

பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிடணும். வர்ற வழியில நுங்கு வாங்கு, செதுக்கினது வேணாம், குலையோட. கண்ணை நோண்டித் தின்னுட்டு, மட்டையை நான் வெச்சுக்கறேன். ரெண்டு மட்டை, நடுவுல ஒரு குச்சி, ஒரு கவைக்கொம்பு. வண்டி ரெடி. சாயந்தரம் தெரு முழுக்க ஓட்டுவானுங்க. ரிசார்ட்டுக்காரன் இதுக்கு மணிக்கணக்குல வாடகை வாங்குவான். அவன் காதுல போட்டுடாத.

அப்புறம் மத்தியானத் தூக்கம். கூடத்துல தண்ணி தெளிச்சு, பாயை வரிசையா போட்டு, ஒரே ஃபேனுக்கு அடியில எல்லாரும். யாரு கால் யாரு மேலன்னு தெரியக் கூடாது. அந்தத் தூக்கத்துக்காகத்தான்டா காலையில அவ்வளவு தூரம் போறது.

இப்ப அந்தக் கணக்கைக் கொண்டா பாப்போம். உன் வூட்டுல நாலு. தம்பி வூட்டுல நாலு. அத்தை வூட்டுல மருமவ, பேரன் எல்லாம் சேத்து அஞ்சு. பெரியப்பனும் பெரியம்மாவும் உன் மாமனாரும் மூணு. தங்கச்சியும் மாப்பிள்ளையும் ரெண்டு. நாலும் நாலும் எட்டு, பதிமூணு, பதினாறு, பதினெட்டு. கூட்டல் சரியாத்தான் இருக்கு. படிச்ச புள்ளை இல்ல நீ.

உங்க ஆயா வரமாட்டா, வடாத்தை வுட்டுட்டு அவ எமலோகத்துக்கே போக மாட்டா. அது சரி. ஆனா பேராண்டி, இந்தப் பதினெட்டுல நான் எந்த வூட்டுக் கணக்குல வரேன்? தலையைச் சொறியாத, பதில் சொல்லு.

கொடியில பாரு. வெள்ளை வேட்டி தோய்ச்சுக் காயப்போட்டு ரெண்டு நாளாச்சு.